டியர் கன்னியப்பன்

செங்கல்வராயன் இதுவரை யாரையும் திருடன் என்று சொன்னதில்லை. ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்வார். பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா என்றால், இருக்கலாம். ஆட்டோ மீட்டரைத் திருகி வைத்திருக்கிறார்களா என்றால், இருக்கலாம். எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதரா என்று கேட்டாலும் அதே பதில்தான். அப்போது மட்டும் இடது புருவம் கொஞ்சம் மேலே போகும்.

வயது ஐம்பத்தைந்து. முத்தாபுதுப்பேட்டையில் தரைத்தளம் மட்டும் கட்டிய வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கதவுகளுக்குக் கீல் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கீல் அவர் கண் முன்னால் போகும். அதில் ஒன்றோ இரண்டோ கோணலாக இருக்கும். எது கோணல் என்று முன்கூட்டித் தெரியாததால் பத்தாயிரத்தையும் சந்தேகப்படுவதுதான் அந்த வேலையின் முறை. இருபத்தெட்டு வருஷம் அதைச் செய்தவர், சாயங்காலம் டிபன் கேரியரோடு அந்த முறையையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போடாமல் உள்ளே வராது. அதற்கென்றே பழைய பேப்பர் கடைக்காரரிடம் ஒரு தொங்கு தராசு வாங்கி வைத்திருக்கிறார். அந்தத் தராசு சரியா என்று பார்க்க இன்னொரு தராசும் உண்டு. மகள் காவ்யாவுக்கு நூம்பலிலிருந்து வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி மளிகைக்கடையில் விசாரித்தார், முடிவெட்டும் கடையில் விசாரித்தார், கடைசியாக மருந்துக்கடைக்குப் போய் அந்த வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்டுவிட்டு வந்தார். மருந்துக்கடைக்காரர் இதை மாப்பிள்ளையின் அம்மா சொர்ணத்திடம் சொல்லாமல் இருப்பாரா? கல்யாணம் நடந்தது. ஆனால் சொர்ணம் அந்த மாத்திரை விஷயத்தை இன்னும் முழுங்கவில்லை.

இவரைப் பைத்தியம் என்று சொல்லத்தான் தெரு ஆசைப்பட்டது. அதற்குள் பக்கத்து வீட்டு டில்லிபாபுவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. இன்று இரவு ஒன்பதரைக்கு உங்கள் வீட்டு கரண்ட் கட், உடனே இந்த நம்பரைக் கூப்பிடவும் என்று. டில்லிபாபு இரண்டு கார் வைத்து ஐடி கம்பெனிகளுக்கு ஓட்டுபவர், எதையும் வேகமாகச் செய்பவர். அவர் விரல் நம்பரின் மேல் இறங்கும் நேரத்தில் செங்கல்வராயன் போனைப் பிடுங்கினார். அடுத்த தெருவில் அதே செய்திக்கு விரலை இறக்கிய ஒருவருக்கு அறுபதாயிரம் போனது மறுநாள்தான் தெரிந்தது.

அன்றைக்கே டில்லிபாபு ‘உஷார் நகர்’ என்று ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கினார். நூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்கு எந்தச் செய்தி வந்தாலும் அதைப் படம் பிடித்து அங்கே போட வேண்டும். செங்கல்வராயன் பார்ப்பார். பிறகு ஒரே வார்த்தையில் தீர்ப்பு வரும்: டுபாக்கூர்.

அவர் தீர்ப்பு ஒன்றுகூடத் தப்பாகவில்லை என்பதுதான் ஆச்சரியம். லாட்டரி டுபாக்கூர், வீட்டிலிருந்தே வேலை டுபாக்கூர், வெளிநாட்டிலிருந்து வந்து ஏர்போர்ட்டில் நிற்கும் பார்சல் டுபாக்கூர். கேட்டால் விளக்கமும் சொல்வார். அவசரப்படுத்துபவனை நம்பாதே, கடைசி நாள் என்பவனை நம்பவே நம்பாதே, உன் பேரைத் தப்பாகப் போட்டவனுக்கு உன்னைத் தெரியாது. இந்த மூன்றில் எதிலும் ஓட்டை இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

2023 ஜனவரியில் அவர் பாரிவாக்கத்தில் இருந்த அரை கிரவுண்டு மனையை விற்றார். அவருடைய அப்பா கன்னியப்பன் அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று முடி சுமந்து கூலி வாங்கியவர். வயலெல்லாம் மனையாகிக் கல் நட்டபோது, மகன் தவணை கட்டி அதில் ஒன்றை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு வாங்கிப் போட்டார். அது இப்போது முப்பது லட்சத்துக்குப் போனது. முழுப் பணமும் பேங்கில் வந்தது. ரொக்கம் தருகிறேன் என்ற ஒருவரை இவர்தான் விரட்டிவிட்டார்.

விற்றது மாடி கட்ட. காவ்யா நூம்பலில் வாடகை வீட்டில் இருந்தாள். கைக்குழந்தை. வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மா பேபியின் தலைக்கு மேலேயே ஒரு மாடி இருந்தால் குழந்தை கீழே, வேலை வெளியே என்று ஓடிவிடும். சொர்ணமும் மகனோடு வருவதற்குச் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: தனி ரூம். இன்ஜினியர் இரண்டு பெட்ரூம் வைத்து வரைபடம் போட்டார். இருபத்தெட்டு லட்சம் ஆகும் என்றார். பெரிய ரூமின் மேல் செங்கல்வராயன் தன் கையால் பென்சிலில் ‘சம்பந்தி’ என்று எழுதினார். எவ்வளவு சந்தேகக்காரரானாலும் மகளுக்காக எழுதிய எழுத்து அது.

ஜூன் மாதம் வழக்கம்போல ஆடிட்டர் சண்முகசுந்தரத்திடம் போனார். ஆவடி மார்க்கெட் பக்கம், செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். வருஷா வருஷம் ஐந்நூறு ரூபாய்க்கு இவருடைய வருமான வரி ரிட்டர்னைப் போட்டுத் தருபவர். அந்த வருஷம் போனதும் செங்கல்வராயன் முதல் வேலையாக ஒரு கேள்வி கேட்டார். வரி ஆபீசிலிருந்து எனக்கு வரும் கடிதமெல்லாம் உங்கள் ஈமெயிலுக்கு ஏன் வருகிறது? ஆடிட்டர் மறுபேச்சுப் பேசாமல் தன் ஈமெயிலை எடுத்துவிட்டு இவருடையதைப் போட்டார். ஓடிபி வந்தது. இவரே படித்துப் பார்த்து இவரே அடித்தார். ஒரு கதவைச் சாத்திவிட்ட திருப்தி.

பிறகுதான் மனை விஷயம். பத்திரத்தைப் பார்த்துவிட்டு சண்முகசுந்தரம் சொன்னார், லாபத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை லட்சம் வரி வரும் என்று. இடது புருவம் ஏறியது. அதைப் பார்த்த ஆடிட்டர் அவசரமாக அடுத்ததைச் சொன்னார். வீடுதானே கட்டப் போகிறீர்கள்? அப்படியானால் பேங்கில் இதற்கென்றே ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஜூலை 31க்குள் பணத்தை அதில் போட்டு, அதே தேதிக்குள் ரிட்டர்னும் போட்டுவிடுங்கள். கட்டக் கட்ட அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வரி கிடையாது. தேதி மட்டும் முக்கியம், 31க்குள்.

வீட்டுக்கு வந்த செங்கல்வராயன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“அஞ்சரை லட்சம்னு ஆரம்பிச்சான். நான் மூஞ்ச திருப்பனதும் சைபர்ன்றான். மீன் விக்கிற பொம்பள கூட இவ்ளோ சீக்கிரம் எறங்க மாட்டா.”

மனைவி பேபி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிஜமாகவே அப்படி ஒரு கணக்கு இருக்கலாமே என்றார்.

“போடறதுக்கு ஒரு வழி, எடுக்கறதுக்கு ஆயிரம் பேப்பரு. பணம் உள்ள போவுது, வெளிய வர்றதுக்கு அவங்கள கேக்கணும். இது இன்னா தெரியுமா? சீட்டு கம்பெனி.”

சீட்டுக் கம்பெனி என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் மேல் விசாரணை கிடையாது. அவர் அப்பா இறந்த வருஷம் அம்பத்தூரில் ஒரு சீட்டுக் கம்பெனியில் நாற்பதாயிரம் போட்டார். ஒரு திங்கட்கிழமை போனபோது போர்டு இருந்தது, கம்பெனி இல்லை. வாழ்க்கையில் அவர் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

ஜூலையில் ஆடிட்டர் நான்கு முறை போன் செய்தார். ஒரு முறை செய்திருந்தால் செங்கல்வராயன் யோசித்திருப்பார். நான்கு முறை என்றால் இவனுக்கு பேங்கில் கமிஷன் இருக்கிறது என்று முடிவு கட்டினார். முப்பத்தொன்றாம் தேதி ரிட்டர்னும் போடவில்லை, பணத்தையும் நகர்த்தவில்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சூரியன் உதித்தது, பால் வந்தது, யாரும் கைது செய்ய வரவில்லை. பாத்தியா என்றார் பேபியிடம்.

ஆகஸ்ட் கடைசியில் அந்த ஈமெயில் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. தாங்கள் பெரிய தொகைக்குச் சொத்து விற்றிருப்பதாகத் தெரிகிறது, தங்கள் ரிட்டர்ன் இன்னும் வரவில்லை, உடனே தாக்கல் செய்யவும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. அவர் அவ்வளவு தூரம் போகவே இல்லை. முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

டியர் கன்னியப்பன்.

கன்னியப்பன் இறந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்த நாளில் அவர் சம்பாதித்த அத்தனை கூலியையும் ஒன்றாகக் கூட்டினாலும் வரி போடும் அளவுக்கு வராது. செருப்புப் போட்டதில்லை. பேங்க் வாசலை மிதித்ததில்லை. அவருக்கு அரசாங்கம் எழுதிய ஒரே காகிதம் ரேஷன் கார்டு. அப்பேர்ப்பட்ட மனிதரிடம் இன்கம் டாக்ஸா?

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. துப்பறிந்தார். இறந்த மனிதரின் பெயர் இவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? ஒரே இடம்தான். இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் பதிவேடு. யாரோ அந்த லிஸ்டையே மொத்தமாக விற்றுவிட்டார்கள். அந்த ஈமெயிலைப் படம் பிடித்து, மேலே சிவப்பில் டுபாக்கூர் என்று எழுதி, குரூப்பில் போட்டார். செத்தவர்கள் பெயரில் புது மோசடி, யாரும் திறக்காதீர்கள் என்ற எச்சரிக்கையோடு. எண்பத்தேழு பேர் கும்பிடு போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து டில்லிபாபு முகம் வெளுத்து வந்து நின்றார். அவருக்கும் அதே மாதிரி ஒன்று வந்திருந்தது, டியர் ஏகாம்பரம் என்று. ஏகாம்பரம் டில்லிபாபுவின் அப்பா. இதில் ஒரு சிக்கல்: அவர் உயிரோடு இருந்தார். அப்போதுதான் டீ குடித்துவிட்டு மகன் பின்னாலேயே வந்துகொண்டும் இருந்தார்.

“அண்ணாத்தே, செத்தவங்க லிஸ்டுன்னு சொன்னீங்க. எங்க நைனா பேரும் கீதே?”

செங்கல்வராயன் ஏகாம்பரத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். எண்பது வயது. மெலிந்த தேகம். கோணல் கீலைப் பார்க்கும் அதே பார்வை.

“அட்வான்ஸ் லிஸ்டா இருக்கலாம்.”

பெரியவர் அன்றிலிருந்து தெருவைத் தனியாகத் தாண்டுவதை நிறுத்திவிட்டார். டில்லிபாபு ஈமெயிலை அழித்தார். குரூப்பில் இன்னும் சிலர் அவரவர் அப்பாவின் பெயரில் வந்ததை அழித்ததாகத் தெரிவித்தார்கள். இத்தனை அப்பாக்கள் ஒரே நேரத்தில் ஏன் மாட்டினார்கள் என்று அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது சந்தேகப்பட்டிருக்கலாம். சந்தேகப்படும் வேலையைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து ஓர் ஆளிடம் விட்டிருந்தார்களே.

கன்னியப்பனுக்குக் கடிதம் நிற்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. டிசம்பரில் வாரம் ஒன்று. முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும் நேரத்தில் கடைசியாக ஒன்று: தாமதமாகத் தாக்கல் செய்ய இன்றே கடைசி நாள். கடைசி நாள் என்று சொல்பவனை அவர் என்ன செய்வார் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் இந்த முறை அவருக்குக் கோபமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட என் அப்பனை விடமாட்டான்களா?

ஜனவரி இரண்டாம் தேதி லீவு போட்டார். வந்த பதினொரு ஈமெயிலையும் பிரிண்ட் எடுத்தார். கன்னியப்பனின் இறப்புச் சான்றிதழ் நகலை மேலே வைத்தார். பச்சை ஃபைலில் கட்டிக்கொண்டு ஆவடியில் சைபர் கிரைம் புகார் வாங்கும் இடத்துக்குப் போனார். மேஜையில் ரோஷினி என்ற இளம் போலீஸ் இருந்தார். செங்கல்வராயன் மோசடிக் கும்பலின் வேலைமுறையை ஆரம்பத்திலிருந்து விளக்கினார். ரோஷினி குறுக்கே பேசாமல் கேட்டார். அனுப்பியவரின் முகவரியை இரண்டு முறை பார்த்தார். பிறகு பான் கார்டைக் காட்டச் சொன்னார்.

பான் கார்டைத் தருவதா என்று அவர் யோசித்தார். போலீஸ் உடை உண்மையானதுதானா என்றும் ஒரு கணம் யோசித்திருக்கலாம். கடைசியில் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, கையை விடாமல் நீட்டினார்.

“பேரு எடத்துல இன்னா போட்டுருக்கு, நீங்களே படிங்க சார்.”

கன்னியப்பன் செங்கல்வராயன் என்று இருந்தது. அதற்குக் கீழே அப்பா பெயர் என்ற இடத்திலும் கன்னியப்பன். பதினேழு வருஷமாக அந்தக் கார்டை அவர் பார்த்திருக்கிறார். அப்பன் பேரை இரண்டு தடவை போட்டிருக்கிறான், ஏதோ மரியாதை என்று நினைத்திருந்தார்.

நம் ஊரில் ஒருவருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும், பின்னால் ஒரு பெயர் இருக்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பான் கார்டு விண்ணப்பத்தில் மட்டும் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாவிட்டால் வாங்க மாட்டார்கள். 2006இல் ஆவடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய்க்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்த புண்ணியவான், செ. கன்னியப்பனா, க. செங்கல்வராயனா என்றெல்லாம் குழம்பாமல், அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் தள்ளிவிட்டார். டில்லிபாபுவுக்கும் அதே கடை. முத்தாபுதுப்பேட்டையில் பாதிப் பேருக்கு அதே கடைதான். டெல்லியில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்தக் கட்டத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் டியர் போடுகிறது.

ரோஷினி லிங்க் எதையும் தொடச் சொல்லவில்லை. அவரையே அரசாங்கத் தளத்தின் பெயரை எழுத்து எழுத்தாக அடிக்கச் சொன்னார். ஓடிபி வந்து, செங்கல்வராயன் தன் கணக்குக்குள் போனார். அங்கே பாரிவாக்கம் மனை இருந்தது, பத்திரம் பதிந்த தேதி இருந்தது, முப்பது லட்சம் இருந்தது. கீல் கம்பெனிச் சம்பளம் இருந்தது. டெபாசிட்டுக்கு வந்த வட்டி பைசா மாறாமல் இருந்தது.

“இவ்ளோ கரெக்டா திருடனுக்குத் தெரியாது சார்” என்றார் ரோஷினி, ஃபைலை மூடி அவர் பக்கம் தள்ளி.

அங்கிருந்து சண்முகசுந்தரத்தின் மாடிப்படி ஏறுவதற்கு இருபது நிமிஷம் ஆனது. தூரம் மூன்று நிமிஷம்தான். ஆடிட்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனார். அவர் திட்டவில்லை, ஒரு தாளில் மூன்று எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். ஜூலை 31: சைபர். நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை: ஆறு லட்சத்து நாற்பதாயிரம். இன்றைக்கு: எட்டு லட்சத்தை ஒட்டி.

தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் என்று இரண்டு விதமான வட்டி, அதன் மேல் ஐயாயிரம் அபராதம். அதெல்லாம் ஞாயிறு வரைக்கும். டிசம்பர் 31 தாண்டிவிட்டால் சாதாரண ரிட்டர்ன் போடும் வழியே அடைந்துவிடும். திருத்திய கணக்காகத்தான் போட முடியும், அதற்கு வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் இன்னும் கால் பங்கு கூடுதல். தள்ளிப்போட்டால் கால் பங்கு அரைப் பங்காகும்.

“அந்தத் தனிக் கணக்கு?” என்றார் செங்கல்வராயன்.

“அந்த வாசல ஜூலையிலயே சாத்திட்டாங்க சார். நாலு தடவ போன் பண்ணேன்.”

“ஒரு தடவ பண்ணியிருந்தா நம்பியிருப்பேன்.”

கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, எப்போதும் போல ஐந்நூறு என்றார் சண்முகசுந்தரம். எட்டு லட்சத்தைவிட அந்த ஐந்நூறுதான் செங்கல்வராயனை அதிகம் தைத்தது. கமிஷன் வாங்குகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று ஆறு மாதமாக மனதில் வரைந்து வைத்திருந்த படத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

பணத்தைக் கட்டினார். வீட்டிலிருந்தே கட்டலாம் என்று சொன்னதை ஏற்கவில்லை. பேங்க் கவுன்டரில் சலான் நிரப்பி, சீல் குத்த வைத்து, அந்தச் சீலின் மை காயும் வரை நின்று வாங்கிக்கொண்டு வந்தார்.

குரூப்பில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மூன்று நாள் எழுதி எழுதி அழித்து, கடைசியில் இரண்டே வரி போட்டார். அப்பா பெயரில் வருவது அசல். எல்லோரும் ஆடிட்டரைப் பார்க்கவும். அன்றைக்குக் கும்பிடு போட்டவர்கள் நான்கு பேர். டில்லிபாபுவுக்கு வரி ஆபீசிலிருந்து திரும்ப வரவேண்டியிருந்த இருபதாயிரம், அழித்த ஈமெயிலோடு நின்றுபோயிருந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. அண்ணாத்தே, அன்னிக்கி கரண்ட் மெசேஜுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு என்று மட்டும் சொன்னார். ஏகாம்பரம்தான் மகனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அப்ப நான் இப்போதிக்கி சாவ மாட்டனா தம்பி?”

“அந்த லிஸ்ட்ல நீ இல்ல பெரியவரே.”

பெரியவர் அன்று சாயங்காலமே தெருவைத் தனியாகத் தாண்டி டீ குடித்துவிட்டு வந்தார்.

இன்ஜினியர் வரைபடத்தை மறுபடி விரித்தார். மீதிப் பணத்தில் ஒரு பெட்ரூம், ஹால், சமையலறை. அவ்வளவுதான் வரும். பென்சிலில் எழுதிய ‘சம்பந்தி’யை யாராவது அழித்தாக வேண்டும். பேபி ரப்பரை எடுத்துக் கணவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செய்தி நூம்பலுக்குப் போனது. சொர்ணம் பஸ் பிடித்து நேராக வந்தார். காபியைத் தொடவில்லை. செங்கல்வராயன் கன்னியப்பன் கதை முழுவதையும் சொன்னார், ஜெராக்ஸ் கடை, கட்டம், டியர் எல்லாவற்றையும். பான் கார்டையும் காட்டினார், இந்த முறை கையை விட்டே. சொர்ணம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எட்டு மாசமா லெட்டர் வந்துகினே இருந்துச்சாம், இவரு செத்துப்போன அப்பாவுக்குன்னு நெனச்சாராம். ஏண்ணே, நான் சாப்புட்ற மாத்திர பேரு கூடத் தெரியும் உங்களுக்கு. உங்க பேரு உங்களுக்குத் தெரியாதா?”

நான்கு மாதம்தான், எட்டு மாதமில்லை என்று திருத்த நினைத்து அவர் விட்டுவிட்டார். வேண்டுமென்றே செய்யவில்லை, உங்களுக்கு ரூம் இல்லாமல் போகவேண்டும் என்று யாராவது எட்டு லட்சத்தைத் தூக்கி எறிவார்களா என்று கேட்டார்.

சொர்ணத்தின் இடது புருவம் மெல்ல ஏறியது.

“இருக்கலாம்” என்றார்.

மாடி எழும்பியது. செங்கல்வராயன் செங்கலைத் தட்டிப் பார்த்தார், சிமென்ட் மூட்டையை எடை போட்டார், கம்பியை எண்ணினார். அடுத்த ஆவணியில் குடிவந்தார்கள். சொர்ணம் வந்த அன்றே தன் பெட்டியைக் கொண்டுபோய் அந்த ஒற்றைப் பெட்ரூமில் வைத்து, கதவின் கீலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். காவ்யாவும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஹாலில். பகலில் பாயைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்தார்கள். காவ்யா இதைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் அவர் மாடிப்படி ஏறும்போதெல்லாம் பீரோவுக்குப் பின்னால் பார்ப்பதைத் தவிர்த்தார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவருடைய போன் சத்தம் போட்டது. காவ்யா எடுத்துப் படித்தாள். அவள் குரல் மாறியது. வருமான வரியில் நீங்கள் கூடுதலாகக் கட்டிவிட்டீர்கள், ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் திரும்ப வருகிறது, கீழே உள்ள லிங்க்கைத் தொட்டு உங்கள் பேங்க் கணக்கை உறுதி செய்யவும் என்று இருந்தது.

இலைகளின் மேல் யார் கையும் அசையவில்லை. அந்தப் பணம் வந்தால் மொட்டைமாடியின் மிச்ச இடத்தில் ஷீட் போட்டாவது ஒரு ரூம் எழுப்பிவிடலாம். பேபி அந்த இடத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை பார்த்தார். செங்கல்வராயனுக்கு வாழ்க்கையில் இரண்டாவது முறையாக எதையாவது நம்பிவிட வேண்டும் போல இருந்தது.

“பேரு இன்னா போட்டுருக்கு?” என்றார்.

“உன் பேருதான் நைனா. டியர் செங்கல்வராயன்னு சுத்தமா போட்டுருக்கு. தப்பே இல்ல.”

அவர் கையை நீட்டி போனை வாங்கினார். சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தச் செய்தியை நிதானமாக அழித்தார்.

“கவர்மென்ட்டுக்கு என் பேரு தெரியாது. தெரிஞ்சவன் டுபாக்கூர்.”

சாயங்காலத்துக்குள் அதே செய்தி, அதே தொகை, குரூப்பில் ஒன்பது பேருக்கு அவரவர் சொந்தப் பெயரில் வந்திருந்தது. டில்லிபாபு அப்பா பெயர் இல்லை என்று பார்த்ததுமே அழித்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். செங்கல்வராயனுக்கு பேங்கில் மிச்சமிருந்த பணம் தப்பியது. தெருவில் அவருக்கு மறுபடி கும்பிடு விழ ஆரம்பித்தது.

ஆனால் அதெல்லாம் சாயங்காலம். அவர் போனைக் கீழே வைத்த அந்த நிமிஷத்தில், ரசம் ஊற்ற வந்த சொர்ணம் கரண்டியோடு நின்று, காவ்யாவின் காதில் மட்டும் சொல்வதுபோல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும் அளவுக்குச் சொன்னார்:

“பாத்தியாம்மா, ரூம் கட்ற துட்டு வந்துச்சு. அதையும் அழிச்சிட்டாரு.”